கழுவினால் மட்டும் போதுமா?



பாவமன்னிப்பைப் பெற்ற அநேகர், பாவத்தின் வல்லமையிலிருந்து இன்னும் விடுதலை பெறவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மறைக்காமல் சாட்சி சொல்லுகிறேன்.

பொங்கலூரிலிருந்து தினமும் திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினேன். சனிக்கிழமை சம்பளம் போடும்போது, தைக்கிற பெண்களின் கணக்கில் ஒரு டஜன், இரண்டு டஜன் குறைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்பேன். அடுத்த சனிக்கிழமை அதே கை, அதே பேனா!

ஒருநாள் ஒரு பெண் வந்து, "ஏனுங்கண்ணா, என்ற நோட்டுல இருபத்திரண்டு டஜன் இருக்குது. உங்க நோட்டுல இருபதுதானுங்களா?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டி அனுப்பினேன். அன்று இரவு முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை.

அப்போது ஆவியானவர் நம்ம நொய்யலை நினைப்பூட்டினார். பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. சாயக்கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் வயலுக்கு உதவாமல் போயிற்று. மழைவெள்ளம் வந்து ஆற்றைக் கழுவும்; மறுபடியும் சாயம் வரும். ஏன்? அது வருகிற வழி அடைபடவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உத்தரவு பட்டறையைப் பூட்டும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் சுத்தமாக்காது. கழிவை வெளியே விடாமல் உள்ளேயே சுத்திகரிக்க ஏற்பாடு செய்த பிறகுதான் பட்டறைகளைத் திரும்ப ஓட்ட முடிந்தது.

பிரியமானவர்களே, நியாயப்பிரமாணமும் அந்த உத்தரவைப் போன்றதே. "செய்யாதே" என்று சொல்லும். செய்யாதிருக்கப் பெலன் தராது. ரோமர் 7-ல் பவுல் கதறுவது இதனால்தான். ஆனால் 8-ம் அதிகாரத்தில் உள்ளே வேலை செய்கிற ஜீவனுடைய ஆவியானவரைக் காண்கிறோம். நம் பழைய மனுஷன் கிறிஸ்துவோடு சிலுவையில் அறையுண்டான் (ரோமர் 6:6). பாவம் இனி நமக்கு எஜமான் அல்ல, நாம் கிருபைக்குள் இருக்கிறோம் (6:14). ஆகையால் நம் அவயவங்களை தேவனுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் (6:13).

"ஆண்டவரே, இந்தக் கை உம்முடையது" என்று அன்று இரவு ஒப்புக்கொடுத்தேன். சகேயுவைப்போல வீடு வீடாகப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முழுவதும் தீர எட்டு மாதம் ஆயிற்று. அந்தப் பெண் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா உங்க ஜெபச் சத்தம் கேட்டா எனக்குச் சிரிப்புத்தானுங்க வரும்" என்றாள். அது என் நெஞ்சில் குத்திற்று. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை கணக்கு சரியாக இருந்தது. சோதனை வராமல் இல்லை, இன்றும் வருகிறது. வரும்போதெல்லாம் அந்த இரவு சொன்னதையே திரும்பச் சொல்லுகிறேன். கிருபை தாங்குகிறது. அல்லேலூயா!

சகோதரனே, சகோதரியே, உன் சனிக்கிழமை எது? குடியா, கோபமா, ரகசிய இச்சையா, பொய்க் கணக்கா? கழுவப்பட்டதோடு நின்றுவிடாதே. பாவம் வருகிற வழியை இன்றைக்கே அவர் கையில் கொடு. குமாரன் விடுதலையாக்கினால் அது மெய்யான விடுதலை (யோவான் 8:36). ஆமென்.