நடு நைந்தாலும் கரை நிற்கும்





சென்ற பௌர்ணமியன்று, பெங்களூரில் நம் விகாரை வாயிலில், நாம் செய்த பிழையொன்றை முதற்கண் அறிவிக்கின்றோம். எழுபத்தைந்து வயது கடந்த உபாசிகை ஒருவர் எதிரே வந்தார். நாம் கைகூப்பினோம். அவர் எம்மை நோக்கியும் நோக்காதவர்போற் கடந்து சென்றார். சற்று முன்னர்தான் படியோரம் கிடந்த பூவைக் குனிந்தெடுத்தவர் அவர். பூவைக் காணும் கண்ணுக்கு நாம் மட்டும் தெரியவில்லையோ? பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கும் செருக்குப்போலும் என்று எண்ணினோம். எண்ணியதோடமையாது, அருகிருந்தவரிடமும் சொல்லிவிட்டோம்.

வழிபாடு முடிந்தபின் “அம்மா” என்றழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. “ஐயாவா! குரலைக் கேட்டால்தான் தெரிகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்த்தால், முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகைதான் நிற்கிறது” என்றார். நாம் நாணித் தலைகுனிந்தோம்.

தம்மபத உரையில் முதலாவதாக வருவது சக்குபால தேரர் வரலாறன்றோ? கண்ணிழந்த அத்தேரர் மழைக்குப்பின் உலாவினார்; பூச்சிகள் மிதிபட்டு மடிந்தன. கண்ட பிக்குகள் அவரைக் குறைகூறினர். பகவரோ, அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவர்க்கில்லை, ஆதலின் குற்றமுமில்லை எனத் தெளிவித்தார். இவ்வரலாற்றைப் பன்முறை பிரசங்கித்த நாமே, குறைகூறிய அப்பிக்குகளின் வரிசையில் நின்றோம்!

அம்மையார்க்கு நேர்ந்தது யாது? கண்ணின் உட்புறத்தே ஒளியை வாங்கும் விழித்திரையின் நடுப்புள்ளி முதுமையில் நைந்துபோவதாம். நாம் தறியில் நின்ற நாளில், நடுவில் நைந்து கரை மட்டும் உறுதியாய் நிற்கும் பழந்துணியைக் கண்டதுண்டு. அதுபோன்றதே இப்பார்வை. எழுத்தும் முகமும் மறையும், ஓரப்பார்வை நிற்கும். நேர்க்கோடான வாயில்நிலை வளைந்து தோன்றுவது இதன் ஓர் அறிகுறி. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நோக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். வளைவு கண்டால் நாள் கடத்தாது கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இந்நோய் இருவகைத்து. ஈரவகைக்குக் கண்ணுள் ஊசிமருந்திட்டுப் பார்வையைக் காக்க முயல்கின்றனர். காலம் தாழ்ந்தால் இழந்தது மீள்வதரிது. உலர்வகை மெல்ல மெல்ல வளரும். பீடியும் சிகரெட்டும் இந்நோய்க்கு வழி திறப்பன. ஆலைவாயிலிற் புகைத்துப் பழகிய தோழர்கள் இன்றே விடுவாராக.

கண்ணும் அநித்தியமே. ஆயினும், அநித்தியம் என்று கூறி முதியோரை மூலையில் இருத்துவது தம்மமன்று. கவனிப்பாரின்றிக் கிடந்த நோயுற்ற பிக்குவைப் பகவரே ஆனந்தருடன் நீராட்டினார். நாம் செய்யவேண்டுவன எளியவை. எதிர்ப்பட்டால், முதலில் நம் பெயரைச் சொல்லுவோம். பாத்திரத்தையும் நாற்காலியையும் வைத்த இடத்தினின்றும் மாற்றாதிருப்போம். வெண்சோற்றைக் கருநிறத் தட்டிற் படைப்போம். படியின் விளிம்பிற்கு மஞ்சள் வண்ணம் தீட்டுவோம். படிக்குமிடத்தில் விளக்கை அருகே வைப்போம். முகத்தை நேரே நோக்காது, சற்றுப் பக்கத்தே நோக்கினால், அவர்க்கு ஓரளவு புலப்படும். அவர் பார்வை விலகியிருத்தல் நம்மை வெறுத்தலன்று. நம்மைக் காண முயல்தலேயாம்.

மற்றொன்று. அம்மையார் தயங்கித் தயங்கி உரைத்தார்: “மாலையில் சிறு பிள்ளைகள் கூடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது ஐயா. பேய் என்று மந்திரவாதியை அழைக்கச் சொல்கிறார்கள்.” அன்பர்களே, அது பேயன்று, பித்துமன்று. கண் தரும் செய்தி குறையுங்கால் மூளை தானே உருவங்களைப் புனைகின்றது. 1760-இல் ஜெனீவா நகரத்துச் சார்லஸ் பொன்னே என்னும் அறிஞர், பார்வை குறைந்த தம் பாட்டனார் இத்தகைய உருவங்களைக் கண்டதை எழுதிவைத்தார். மருத்துவரிடம் சொல்லவேண்டியதை மந்திரவாதியிடம் சொல்வதோ? 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் திறந்த வழியில் நடக்கும் நமக்கு அது தகுமோ?

நாம் அம்மையாரிடம் மன்னிப்பு வேண்டினோம். தவறாகச் சொன்னவரிடமும் சென்று திருத்திச் சொன்னோம். “குரல் கொடுத்தால் போதும் ஐயா” என்றார் அவர். அடுத்த பௌர்ணமியன்று வாயிலில் நிற்கும் நாம் ஒவ்வொருவரும் குரல் கொடுப்போமாக.

சாது! சாது! சாது!