ஏழையின் வக்கீல்

கைதானவரை முதல் முறையாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது பல நாள் பொழுது சாய்ந்திருக்கும். வராந்தாவில், காவலர் ஒட்டி நிற்க, அவரிடம் பேசச் சட்ட உதவி வழக்கறிஞருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் போயிற்றா என்று அவர் கேட்டுக்கொண்டே போவார். எதிரில் நிற்பவர் பதில் சொல்லுமுன் ஒன்று கேட்பார்: “சார், நீங்க கவர்மென்ட் வக்கீல்தானே? அப்போ நீங்களும் அவங்க பக்கம்தானே?”

அவர் கேட்பதில் தப்பில்லை. பிடித்து வந்தது அரசு; சிறையில் அடைக்கப்போவதும் அரசு; வாதாட ஆள் அனுப்புவதும் அதே அரசு என்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? காசில்லாமல் வருவது உருப்படியாக இருக்காது என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக வேரோடியது. இருக்கிற அரைப் பவுனை அடகு வைத்தாவது வேறு வக்கீல் பார்க்கலாமா என்று வெளியே குடும்பம் யோசித்துக்கொண்டிருக்கும். தன்னை நம்பாத ஒருவருக்காக, அவர் நம்பியிருந்தால் எவ்வளவு உழைப்போமோ அவ்வளவும் உழைத்தாக வேண்டும். இந்தப் பணியின் முதல் சோதனை இதுதான்.

இந்த ஏற்பாடு வந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று சொல்லும் 39-ஏ பிரிவு, 1976இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் பற்றிய உசைனாரா காத்தூன் வழக்கில், இலவச சட்ட உதவி ஏழைக்கு உள்ள உரிமை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1986இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வக்கீல் வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லையே என்ற வாதத்தை ஏற்காமல், வக்கீலின்றி நடந்த விசாரணையில் விதித்த தண்டனையையே ரத்து செய்தது. உரிமை இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, காவலில் இருக்கும் எவரும் வருமானக் கணக்குக் காட்டாமலே வக்கீல் பெறலாம். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தில், தனி வழக்குகள் எடுக்காமல் இதையே முழுநேரப் பணியாகச் செய்யும் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் மாவட்டந்தோறும் வரத் தொடங்கினார்கள்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அன்றாடம் இன்னும் வந்து சேரவில்லை. ஜாமீன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மனுப்போட்டு, வாதாடி, உத்தரவும் வாங்கியாகிவிட்டது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த சம்பந்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. கைதியின் அக்கா ஆதார் அட்டையோடு வந்துவிட்டார். வீட்டு வரி ரசீது கேட்டால், குடியிருப்பது வாடகை வீடு. இன்னொரு ஆளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சியிருக்கிறார்; அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தும் ஒரு காகிதம் குறைகிறது. அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு போய்த் திங்கட்கிழமைதான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் திங்களன்று வருவாரா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கோபத்தில் அக்கா திட்டுவது வக்கீலைத்தான்.

இது புதிய கதை இல்லை. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டிருந்தார்கள். நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராத கைதி பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்றும் அதே உத்தரவு குறிப்பிட்டது. நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்றவை சிறிய தொல்லைகள். ஆனால் தினமும் வருபவை. குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வராமலே வாய்தா போகும். சாட்சி வந்த நாளில் நீதிபதி விடுப்பில் இருப்பார். நீதிபதி இருக்கும் நாளில் சாட்சி வரமாட்டார். அரசுத் தரப்புக்குக் காவல் நிலையமும் தடய அறிவியல் கூடமும் பின்னால் நிற்கின்றன. சட்ட உதவி வழக்கறிஞர் சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சொந்த வண்டியில் போக வேண்டும். அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019இல் தீர்ப்பான அனோகிலால் வழக்கு காட்டியது. மரண தண்டனையில் முடிந்த அந்த விசாரணையில், வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது. அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. ஏழு நாள் என்பதையே எழுதி வைக்க வேண்டிய நிலை.

வீட்டிலும் விசேஷங்களிலும் வரும் கேள்வி வேறு: “தப்பு பண்ணவனுக்காகப் பேச எப்படித்தான் மனசு வருது?” பொதுமக்கள் மட்டுமா கேட்கிறார்கள்? கோயம்புத்தூரில் போலீசாருக்கும் வழக்கறிஞருக்கும் மோதல் நடந்தபோது, அந்தப் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. நமக்கு வேண்டியவருக்கு நியாயம், வேண்டாதவருக்கு முன்கூட்டியே தீர்ப்பு என்ற மனப்பான்மை சட்டம் படித்தவர்களையும் விடவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்த வழக்கறிஞரை உள்ளிருந்து அரிப்பது எது? வேலைப்பளு என்று சொல்லத் தோன்றும். பளுவைத் தாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். இவர்களைச் சாய்ப்பது, தாம் உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு. உபகாரம் செய்கிறவர் நன்றியை எதிர்பார்ப்பார். நன்றி வராது, பொய்யும் சந்தேகமும் திட்டும்தான் வரும். ‘இவனுக்கு இது போதும்’ என்ற எண்ணம் மெல்ல நுழையும். பிறகு கேஸ் கட்டை ஒரு முறை புரட்டினால் போதும் என்றாகும். கேட்க வேண்டிய குறுக்கு விசாரணைக் கேள்வி ஒன்று விட்டுப்போகும். எதிரில் நிற்கும் மனிதர் வெறும் ‘ஏ-2’ (இரண்டாம் எதிரி) ஆகிவிடுவார். எந்த அநியாயமும் செய்யாத ஒரு நல்ல மனிதரின் கையாலேயே அநியாயம் நடந்துவிடும்.

கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் கும்பிடை எதிர்பார்த்தா போகிறார்? வாங்குகிறவர் நல்லவரா என்று விசாரித்துவிட்டா எண்ணிக் கொடுக்கிறார்? சுக் தாஸ் தீர்ப்பின் உள்ளடக்கம் அதுவே: கேட்காதவருக்கும் கொடுத்தாக வேண்டிய பாக்கி இது. அப்படி நினைக்கிற வழக்கறிஞர் கைதியின் முகத்தில் நன்றியைத் தேட மாட்டார். அந்தச் சந்தேகக் கேள்விக்குக் கோபப்படாமல், “நான் உங்க பக்கம். நீங்க சொல்றதை உங்க அனுமதியில்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். தோற்கும் வழக்கிலும் முழுசாகப் படித்துக்கொண்டு போவார்.

அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும், அரசுப் பள்ளி ஆசிரியருக்கும், முதியோர் உதவித்தொகை மனு வாங்கும் எழுத்தருக்கும் இதே சோதனை உண்டு. எதிரில் நிற்பவர் காசு கொடுக்கவில்லை, கேள்வி கேட்கத் தெரியவில்லை, குறை வைத்தால் கண்டுபிடிக்கவும் மாட்டார். நம் வேலையின் தரத்தை அந்த இடத்தில் அளக்கிற ஒரே ஆள் நாமாகத்தான் இருப்போம். அங்கே அளவு குறையாமல் கொடுக்கிறவரையே நேர்மையானவர் என்று சொல்ல வேண்டும். கட்டணம் கொடுப்பவரிடம் கவனமாக இருப்பதற்கு நேர்மை தேவையில்லை, வியாபாரம் தெரிந்தால் போதும்.