இரண்டாவது முத்திரை

அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர்க் களத்தில் நெல்லை ஒரே நாளில் அளந்து முடிக்க முடியாது. அம்பாரம் இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடக்கும். யாரும் கை வைக்காதிருக்க, ஈரக் களிமண்ணை அதன்மேல் அங்கங்கே அப்பி, மரமுத்திரையைப் பதித்துவிடுவார்கள். ஒரு மரக்கால் நெல்லை உருவினாலும் குவியல் சரிந்து மண் விண்டுபோகும். முத்திரைக் கட்டை மிராசுதாரிடம் இருக்கும். எங்கள் தாத்தா மிராசுதார். ஆகவே கட்டை எங்கள் வீட்டில் இருந்தது.

1952ல் தஞ்சை ஜில்லாவுக்குக் குத்தகைக்காரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்திய கதை இது. பாட்டி சொல்லிக் கேட்டது. ஒரு நாள் காலையில் களத்துக்குப் போன தாத்தா, தம் முத்திரைகளுக்குப் பக்கத்திலெல்லாம் வேறொரு குறியும் இருப்பதைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அழுத்திய வட்டம். குத்தகைக்காரரைக் கூப்பிட்டார்.

"என்னடா இது? என் முத்திரையிலே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க எசமான். அது என்னைக் காவல் காக்குது. உங்களைக் காவல் காக்க ஒண்ணு வேணாமுங்களா?"

தாத்தா சிரித்துவிட்டாராம். ஆனால் அடுத்த வருஷம் அந்த நிலம் வேறொருவருக்குக் குத்தகைக்குப் போயிற்று.

கம்ப்யூட்டர்களின் சங்கேதப் பூட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கொட்டாங்கச்சி வட்டம்தான் என் கண்முன் வருகிறது. நாம் அனுப்பும் கடிதத்தையும் பணத்தையும் வழியில் யாரும் பிரித்துப் பார்க்காமல் காக்கிற வித்தை அது. முத்திரை வேறு, பூட்டு வேறு என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் அதை வைத்துக்கொள்ள யாருக்கு உரிமை என்ற வழக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

1990களில் அமெரிக்க சர்க்கார் இந்த வித்தையை யுத்த தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. உள்நாட்டில் விற்ற சரக்கில் 128 பிட் சாவி இருக்கும். கப்பல் ஏறியதில் 40 பிட்தான். 40 பிட் என்றால் சுமார் ஒரு லட்சம் கோடி சாவிகளில் எது என்று தேட வேண்டும். பிரமாதமாகத் தோன்றுகிறதல்லவா? 1997 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு மாணவர் சுமார் 250 கம்ப்யூட்டர்களைச் சேர்த்துவைத்து மூன்றரை மணி நேரத்தில் அதைத் திறந்துவிட்டார்.

பில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991ல் தாம் எழுதிய சங்கேத நிரலை இனாமாகவே வெளியிட்டார். அது கடல் தாண்டிவிட்டது என்று விசாரணை நடத்தி, 1996ல் கைவிட்டார்கள். அதற்குள் 1995ல் அதே நிரல் முழுவதும் புத்தகமாக அச்சாகிவிட்டது. புத்தகம் கடல் தாண்டத் தடையில்லை! தட்டில் இருந்தால் ஆயுதம், தாளில் இருந்தால் வெறும் எழுத்து. எழுத்தாளன் என்ற முறையில் இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மட்டமான பூட்டை நம் தலையில் கட்டினான் என்று கோபப்பட நமக்கு நியாயம் இருந்தது. ஆனால் நாம் என்ன செய்தோம்? இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கொடுத்த லைசென்ஸில் அதே 40 பிட்டை எல்லையாக எழுதிவைத்தோம். அதற்குமேல் வேண்டுமானால் அனுமதி வாங்கி, சாவியையும் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்கா 2000ல் தன் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்திய பிறகும் நமக்கு ஆசை விடவில்லை. 2015 செப்டம்பரில் வந்த வரைவுக் கொள்கை, பூட்டி அனுப்பியதன் பூட்டாத நகலை ஒவ்வொருவரும் 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்றது. ஊர் சிரித்தது, சில நாட்களுக்குள் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தில் அவதூறு செய்கிறவர்களைப் பிடிக்க, சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு சேர்க்க வேண்டும் என்று 2018ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. பேச்சு மெல்ல நகர்ந்து, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட முடியுமா என்பதில் வந்து நின்றது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி. அவர் சொன்ன வழி பயன்படாது என்றார் பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். மத்திய அரசின் 2021ஆம் வருஷத்து விதிகளோ, உத்தரவு வந்தால் காட்டத்தான் வேண்டும் என்றுவிட்டன.

தன் படத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டான் என்று அழுகிற ஒரு பெண்ணிடம் போய் நான் கொட்டாங்கச்சிக் கதை சொல்ல முடியாது. அவளுக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் இந்தப் பூட்டினால் தாமதப்படலாம், கிடைக்காமலே போகலாம். அது தெரிந்தும் நான் பூட்டின் பக்கம்தான் நிற்கிறேன். நல்ல போலீஸ்காரருக்கு மட்டும் திறக்கிற பூட்டை இதுவரை யாரும் செய்யவில்லை. ஒருவருக்காகச் செய்த இரண்டாவது சாவி அடுத்தவர் கைக்குப் போகும், திருடன் கைக்கும் போகும். "மறைக்க ஒன்றுமில்லை என்றால் உனக்குப் பூட்டு எதற்கு?" என்று கேட்கிறவரின் குரலில் தாத்தாவின் குரல் கேட்கிறது. கட்டை யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் அப்படிக் கேட்கிறார்.

அந்தக் கட்டை இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஒருமுறை பாட்டியிடம் கேட்டேன்: "அந்த வட்டங்களைத் தாத்தா அன்றைக்கே அழித்துவிட்டாரா?"

"எப்படிடா அழிப்பார்?" என்றாள் பாட்டி. "அழிச்சா, ராத்திரி நெல்லு எடுத்தது இவர்தான்னு ஆயிடாதோ? அளந்து முடியற வரைக்கும் தாத்தாவும் களத்தைவிட்டு நகரலை, அவனும் நகரலை."