அந்நியனுக்கும் நீதியுண்டோ?



நமது ஊர்ப்பெயரை நாள்தோறும் சொல்லுகிறோம், பொருளை நினைப்பதில்லை. பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போவதே வலசை என்கிறது அகராதி. சூசையப்பர் எஜிப்துக்குப் போனதும் வலசைதான். ஆகையால் இக்கேள்வி நமக்குத் தூரமானதன்று: அனுமதியின்றி வந்த ஒருவனை அனுப்பாதே என்று நீதிமன்றம் தடுத்திருக்க, அரசாங்கம் அனுப்பிவிடலாமா?

ஆஸ்திரேலியாவில் பிலோவீலா என்னும் சிற்றூரில் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் வாழ்ந்தது. கணவனும் மனைவியும் தனித்தனியே படகேறி வந்தவர்கள். பெண்மக்கள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். பெற்றோரின் அடைக்கல மனுவை நீதிமன்றங்களும் தள்ளிவிட்டன. 2019 ஆகஸ்ட் 29 இரவு நால்வரையும் இலங்கைக்கு விமானமேற்றினார்கள். இரண்டு வயதான இளைய மகளின் மனுவை மட்டும் எவரும் முறையாய் விசாரிக்கவில்லை. அதைச் சொல்லி வழக்கறிஞர் மன்றாடவே, நீதிபதி தொலைபேசியிலேயே தடையுத்தரவு கொடுத்தார். பறந்துகொண்டிருந்த விமானம் டார்வினில் இறங்கியது. பின்பு ஏறக்குறைய இரண்டாண்டு கிறிஸ்துமஸ் தீவில் காவல். (தீவின் பெயரைப் பாருங்கள்!) 2022-ல் ஊர் திரும்பி, நிரந்தரமாய்த் தங்கும் உரிமையும் பெற்றார்கள். அதைத் தந்தது புதிய அரசாங்கம். நீதிபதி தந்தது அவகாசம் மட்டுமே.

அமெரிக்காவில் நடந்தது வேறு. மேரிலாந்தில் வசித்த ஒருவரை அவருடைய சொந்த நாடான எல் சால்வடோருக்கு அனுப்பலாகாது என்று 2019-ல் குடியேற்ற நீதிபதி உத்தரவிட்டிருந்தார். 2025 மார்ச் 15-ல் அங்கேயே அனுப்பினார்கள். அவர் சிறையில் அடைபட்டார். தவறு நேர்ந்ததென்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. உச்சநீதிமன்றம் ஏப்ரலில் சொல்லியும், ஜூனில்தான், அதுவும் வேறொரு குற்றச்சாட்டின்பேரில், திரும்பக் கொண்டுவந்தார்கள்.

“சட்டத்தை மீறி வந்தவனுக்குச் சட்டத்தின் நிழல் எதற்கு?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லையைக் காக்கும் உரிமை ராஜ்யத்துக்கு உண்டு. திருச்சபை அதை மறுக்கவில்லை. ஆனால் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் சட்டத்தைப் பொதுநன்மைக்கான அறிவின் ஏற்பாடு என்றாரேயன்றி, வலியவனின் இஷ்டம் என்னவில்லை. தடையுத்தரவு அந்நியனின் நற்குணத்துக்குப் பரிசன்று. ஆளுகிறவர் கைக்கு இட்ட கட்டு. அவன் விஷயத்தில் அதை அவிழ்த்துக்கொள்ளும் கை, வரப்புத் தகராறில் நீங்கள் தென்காசி கோர்ட்டில் வாங்கிய தடையுத்தரவை மட்டும் மதிக்குமோ?

நமது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு ‘குடிமகன்’ என்னாமல் ‘நபர்’ என்றே உயிருக்குக் காவல் சொல்லுகிறது. அதைக் காட்டியே 1996-ல் உச்சநீதிமன்றம், அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களைக் காக்கும்படி அம்மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில், இந்தியா உலகத்தாருக்கெல்லாம் சத்திரமல்லவென்று சொல்லி, ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளியது. வருத்தத்தோடு வாசித்தேன். ஆயினும் அவர் வழக்கு கேட்கப்பட்ட பின்பே தள்ளப்பட்டது. விமானத்தில் இருந்த அந்தக் குழந்தைக்கு மறுக்கப்பட்டது அதுவே.