நல்லெண்ணம் மட்டும் போதுமா?

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தருமம். கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுமா?

வங்காளதேசத்தில் குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றோட்டத்தால் மடிந்தனர். அதனைத் தடுக்க 1970களில் அரசும் யுனிசெப் நிறுவனமும் ஏராளமான குழாய்க்கிணறுகளை அமைத்தன. 1993இல் அந்தத் தெளிந்த நீரில் ஆர்செனிக் நஞ்சு கண்டறியப்பட்டது. நிலத்தடி மண்ணில் இயற்கையாகவே இருந்த நஞ்சு அது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல ஆண்டுகளின் பின்பே தோலில் புள்ளிகளும், சிலருக்குப் புற்றுநோயும் தோன்றின. பின்னர் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஆயினும் இன்றும் பல இலட்சம் பேர் நஞ்சு கலந்த நீரையே குடிக்கின்றனர்.

கிணறு தோண்டியவர்கள் தீயவர்களல்லர். அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். அறிந்த பின்னும் திரும்பிப் பாராதிருப்பதை எப்படி மன்னிப்பது?

அன்பான வாசகரே, நீங்கள் கொடுத்த உதவி இன்று எப்படியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்தீர்களா?