டிஷ் ஒரு கேடா?

தைப்பொங்கல் கழிந்ததும் திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் காளவாசலுக்குக் கிளம்புவார்கள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறினால்தான் கல் அறுக்க முடியும். அடுத்த மழை வரும்வரை ஐந்தாறு மாதம் அங்கேதான் குடித்தனம். ‘குட்டியானை’ என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டியில் அரிசி மூட்டை, அண்டா, பாய், கோழிக்கூடை எல்லாம் ஏறும். அவற்றோடு பழைய சேலை சுற்றிய ஒரு டிஷ்ஷும் ஏறும்.

பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான். “சோத்துக்கே வழியக் காணோம், இதுக்கு டிஷ்ஷு ஒரு கேடா?”

நாமும் ஏதோ ஒரு சமயம் மனசுக்குள் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை இது. இது சரியான கேள்விதானா என்று கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தச் சாமானைப் பார்ப்போம். அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை அது பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் சேவை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் கோளிலிருந்து வருகிறது. தட்டு இரண்டு மூன்று டிகிரி விலகினாலே படம் போய்விடும். நெளிந்துபோனால் அலை ஒரே புள்ளியில் குவியாது. அதனால் வண்டியில் தட்டின் மேல் எந்தப் பாரமும் ஏற்றக் கூடாது. பாய்க்கும் மெத்தைக்கும் நடுவே செருக வேண்டும். எல்.என்.பி. தலையைத் தனியே கழற்றித் துணி சுற்றி, செட்டாப் பாக்ஸோடு அண்டாவுக்குள் வைக்க வேண்டும். கேபிளை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்ற வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் தட்டின் சாய்வைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொடுவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து பார்த்தாலும் சென்னையிலிருந்து பார்த்தாலும் அந்தக் கோள் 68, 69 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. மாறுவது திசை மட்டும்தான். அருப்புக்கோட்டையில் கிழக்கிலிருந்து தெற்காக 31 டிகிரி. சென்னையில் 44 டிகிரி. போன இடத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக் கம்பத்தைச் செங்குத்தாக நட்டுவிட்டால், தட்டை மெதுவாகச் சுற்றினால் போதும். 

“வந்துருச்சாடா?” 

“இல்லப்பா, கட்டம் கட்டமா நிக்குது. இன்னும் கொஞ்சம் தெக்க திருப்புங்க.” 

இவ்வளவு பக்குவமாகச் சுமந்து போகிற பொருளை ஊதாரித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் வீடு போன்ற பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அவர்களும் கூடவே ஒரு டிஷ் கொண்டுபோகிறார்கள். அதை அடிபடாமல் வைக்கப் பஞ்சு வைத்த பைகள்கூடக் கடையில் விற்கின்றன. யாரும் அவர்களைப் பார்த்து “உங்களுக்கு இது தேவையா?” என்று கேட்பதில்லை. அங்கே அது சௌகரியம், இங்கே அது கேடு. நம் தீர்ப்பு டிஷ்ஷைப் பற்றியது அல்ல, அதைச் சுமப்பவரைப் பற்றியது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

எது அத்தியாவசியம் என்பது வயிற்றை மட்டும் வைத்து முடிவாவதில்லை. ஆடம் ஸ்மித் இதை 1776லேயே சொல்லிவிட்டார். உயிர் வாழ லினன் சட்டை தேவையில்லை. ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில் ஒரு தினக்கூலிகூட அது இல்லாமல் நாலு பேர் முன் நிற்கக் கூசுவான், ஆகவே அதுவும் அத்தியாவசியம்தான் என்றார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2011இல் வெளியிட்ட ‘புவர் எகனாமிக்ஸ்’ நூலில் மொராக்கோ கிராமத்துக்காரர் ஒருவர் வருகிறார். போதிய சாப்பாடு இல்லாத வீட்டில் டிவியும் டிஷ்ஷும் எதற்கு என்று கேட்டதற்கு, சோற்றைவிட டிவி முக்கியம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கிராமத்தில் வாழ்க்கை சலிப்பாக இருக்கிறது, அதைத் தாங்க ஏதாவது வேண்டும் என்று ஆசிரியர்கள் இதை விளங்கிக்கொள்கிறார்கள்.

சலிப்பு உண்மைதான். ஆனால் காளவாசலில் வேறொன்றும் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து நடுச்சாமத்திலேயே எழுந்து கல் அறுக்கிற ஜனம் அது. பகலில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பார்க்கிற சீரியல்தான் ஊரில் மதினியும் பக்கத்து வீட்டு அக்காவும் பார்ப்பது. ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது ஊர்ப் பேச்சில் இடம் விட்டுப்போகாமல் இருக்கிறது.

திருச்சுழி என்றதும் ரமணர் நினைவுக்கு வருவார். 1879இல் அங்கே பிறந்தவர். 1896இல் மதுரையைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார்; கையில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டுக் கோவணத்தோடு இருந்தார். உடைமை இல்லாத வாழ்வை நாம் கும்பிடுவதற்கு இப்படிப்பட்டவர்கள் காரணம். ஆனால் துறப்பதற்கு, எறிவது தன் சொந்த முடிவாக இருக்க வேண்டும். கல் அறுக்கப் போகிறவரைப் பார்த்து, “நீ எளிமையாக இரு” என்று நாம் சொன்னால் அது துறவு ஆகாது, பிடுங்கல்தான்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். சூளைக்குப் போகிறவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். டிஷ் வாங்கிய காசும் அந்தக் கணக்கில்தான் ஏறும். அது கழியும்வரை இடத்தை விட்டு நகர முடியாது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஆளைக் கட்டிப்போடுவது முன்பணம்தானே? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கடனுக்காக மனிதனைப் பிடித்து வைப்பதுதான் அதன்படி குற்றம். கடனாளி எதை வாங்கினான் என்பதல்ல. முன்பணத்தைப் பற்றி வாய் திறக்காத ஆட்கள் டிஷ்ஷைப் பற்றி மட்டும் பேசினால், அந்த அக்கறையைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

டிஷ்ஷுக்கு இருக்கும் ஒரு குணம் இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மற்றவற்றுக்கு இல்லை. செயற்கைக்கோள் விலாசம் கேட்பதில்லை. தென்கிழக்கு வானம் மறைக்காமல் இருந்தால் போதும், எங்கே நட்டாலும் வரும். பள்ளிக்கூடம் அப்படி இல்லை. தை மாதம் கிளம்பிய பிள்ளையின் பெயர் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும்; பிள்ளை சூளையில் இருக்கும். சில மாவட்டங்களில் சூளையிலேயே பயிற்சி மையம் நடத்துகிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. ரேஷன் கார்டு இப்போது வேறு ஊர்க் கடையிலும் செல்லும் என்று ஆகியிருக்கிறது, நல்லது. ஆனால் ஓட்டு ஊரில்தான். 2019, 2021, 2024 மூன்று முறையும் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது ஏப்ரலில். சூளையில் வேலை மும்முரமாக இருக்கும் மாதம் அது. ஒருநாள் கூலியும் பஸ் காசும் விட்டால்தான் அவர்கள் குடிமக்கள்.

ஆக, இவர்கள் கூடவே எடுத்துப் போக முடிந்தது இந்த ஒரு தட்டுதான். பள்ளிக்கூடத்தையும் ஓட்டுச்சாவடியையும் சேலையில் சுற்றி வண்டியில் ஏற்ற முடியாது. அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நம் எல்லோருடைய பொறுப்பு. அதைச் செய்யாமல் அவர்களே சிரமப்பட்டுச் சேர்த்துக்கொண்ட ஒன்றைக் கேடு என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

அடுத்த தை மாதமும் வண்டிகள் கிளம்பும். டிஷ் ஏறட்டும். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் ஏன் இன்னும் ஏறவில்லை என்று கேட்போம்.