படிகளில் திரும்பி நின்றவர்கள்

இயேசுபிரான் பிறந்த நாள் எது என்பதை நற்செய்தி நூல்கள் நான்கும் கூறவில்லை. கி.பி. 354-இல் ரோமில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி நூல் ஒன்று டிசம்பர் 25-ஐ அவரது பிறந்த நாளாகக் குறிக்கிறது. அதே நூல் அந்நாளை, 'வெல்லப்படாதவர்' என்ற தேவனின் பிறந்த நாளாகவும் குறிக்கிறது. அவர் சூரியதேவனே என்பது அறிஞர் பலரின் கருத்து. மார்ச் 25-இல் கன்னி மரியாள் கருவுற்றதாகக் கொண்டு, ஒன்பது மாதங்களைக் கணக்கிட்டு வந்த நாளே இது என்போரும் உளர்.

விழாவின் நாள் பழைய வழிபாட்டிலிருந்து வந்திருந்தால், பக்தனின் பிரார்த்தனையும் பொய்யாகிவிடுமா?

அவ்வாறு அஞ்சியோர் உண்டு. வேத ஆதாரமற்றது, புறச்சமயக் கலப்புடையது என்று கிறிஸ்துமஸை வெறுத்த பியூரிட்டன்கள், 1659-இல் மாசசூசெட்ஸில் அதைக் கொண்டாடுவோர்க்கு 5 ஷில்லிங் அபராதம் விதித்தனர். 1681-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஐந்தாம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ இதை வேறு விதமாக நோக்கினார். ரோமில், புனித பேதுரு ஆலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர் சிலர், வாயிலை அடைந்ததும் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கினர். கிறிஸ்துமஸ் பேருரையில் அவர்களைக் கண்டித்த லியோ, ஒளியைப் பழிக்கவில்லை, விழாவையும் விலக்கவில்லை. படைப்பின் அழகைக் கண்டு படைத்தவனைப் போற்றுக என்பதே அவர் உரையின் சாரம்.

விளக்கு எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு ஆராயட்டும், அது அறியத்தக்கதே. ஆனால் விளக்கை ஏற்றுபவனின் உள்ளம் எத்திசை நோக்கி நிற்கிறது? அதை அவனே ஆராய வேண்டும். தொழுவத்தில் பிறந்தவரை வணங்கிவிட்டு, வாயிலில் நிற்கும் ஏழையைக் காணாது செல்பவனும் படிகளில் திரும்பி நின்றவனே அல்லவா?